சானடோரியமா, வீடா? 193 பேரை வைத்து சென்னை கண்டுபிடித்த பதிலும், அந்த பதில் சொல்லாத விஷயங்களும்!

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் தினமும் பயணிப்பவர்களுக்கு ஸ்டேஷன் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். அவற்றில் இரண்டு ஸ்டேஷன்களை ஒரு பழைய கேள்வி இணைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று, சேத்துப்பட்டு. இன்னொன்று, கடைசி நிறுத்தத்துக்கு முன்பு வரும் தாம்பரம் சானடோரியம்.

தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் டேவிட் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. காசநோய்க்கு அன்று உலகம் முழுக்க நம்பிய வைத்தியம் இதுதான். நோயாளி வீட்டைவிட்டு வந்து, மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும்.

சேத்துப்பட்டில் இருப்பது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-ல் அது தொடங்கப்பட்டபோது கையில் எடுத்த முதல் கேள்வியே இதுதான்: 'காசநோயாளி சானடோரியத்தில் தங்கித்தான் ஆக வேண்டுமா?'

அந்தக் கேள்விக்கு பதில் கண்டுபிடித்த விதம், இன்று வாட்ஸ்அப்பில் 'இதைக் குடிச்சேன், சரியாகிடுச்சு' என்று வரும் மெசேஜ்களைப் படிக்கும் எல்லோருக்கும் பயன்படக்கூடியது.

தங்க ஊசி சொன்ன பாடம்

சென்னைக்கு வருவதற்கு முன், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மனியின் ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். (ஆண்டுதோறும் அந்த தேதியில் உலக காசநோய் தினம் அனுசரிக்கப்படுவது அதனால்தான்.) 1890-ல் இன்னொரு விஷயத்தையும் அவர் சொன்னார். தங்கம் கலந்த ஒரு ரசாயனம், சோதனைக் குழாய்க்குள் அந்தக் கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது என்பதுதான் அது.

குழாய்க்குள் நடந்தது மனித உடம்புக்குள்ளும் நடக்கும் என்று பலர் நம்பினார்கள். 1920-களில் டென்மார்க்கிலிருந்து 'சானோகிரைசின்' என்ற தங்க மருந்து வந்தது. ஊசி போட்டுக்கொண்ட சிலர் தேறினார்கள். 'பார்த்தீர்களா, தங்கம் வேலை செய்கிறது' என்றார்கள்.

ஆனால், காசநோயாளிகளில் சிலர் எந்த மருந்தும் இல்லாமலே தேறுவார்கள். அப்படியானால் தேறியவர் தங்கத்தால் தேறினாரா, தானாகவே தேறினாரா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. காக்கை உட்காராத மரத்தையும் பார்த்தால்தானே உண்மை தெரியும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் டாக்டர் ஆம்பர்சன் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த 24 நோயாளிகளை 12, 12 பேராகப் பிரித்தார்கள். எந்த 12 பேருக்குத் தங்க ஊசி என்பதை, நாணயத்தைச் சுண்டிவிட்டு, பூவா தலையா பார்த்து முடிவு செய்தார்கள். மற்ற 12 பேருக்கு வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊசியாகப் போட்டார்கள். யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது.

1931-ல் முடிவு வெளியானது. தங்கத்தால் பலன் இல்லை, பக்கவிளைவுகள்தான் மிச்சம்.

ஏன் சீட்டுக் குலுக்கல்?

'எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை டாக்டரே முடிவு செய்தால் என்ன?' என்று கேட்கலாம். பிரச்னை அங்கேதான் இருக்கிறது. டாக்டர் நல்லவராக இருந்தாலும், பிழைத்துவிடுவார் என்று தோன்றும் நோயாளிக்கு அவருடைய கை தானாகப் புது மருந்தைக் கொடுத்துவிடக்கூடும். அல்லது, இரக்கப்பட்டு மிக மோசமான நிலையில் இருப்பவருக்குக் கொடுத்துவிடக்கூடும். எப்படியானாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. பிறகு கிடைக்கும் வித்தியாசம் மருந்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

குலுக்கலுக்கு இரக்கமும் கிடையாது, ஆசையும் கிடையாது. வயது, வறுமை, நோயின் தீவிரம் என்று நமக்குத் தெரிந்தவற்றோடு, தெரியாதவற்றையும் ஏறக்குறைய சமமாக இரு பக்கமும் பங்கிட்டுவிடும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது. பிரிட்டனில் அதற்குக் கடும் தட்டுப்பாடு; எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. எனவே, புள்ளியியல் நிபுணர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த திட்டப்படி, ஒட்டப்பட்ட கவர்களைப் பிரித்துப் பார்த்து யாருக்கு மருந்து என்று முடிவு செய்தார்கள். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். எக்ஸ்ரே படங்களைப் படித்துச் சொன்னவர்களுக்கு, அது யாருடைய படம் என்று தெரியாது.

6 மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். 1948-ல் வெளியான இந்த முடிவு மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல்.

ஆனால், கதை 6 மாதத்தில் முடியவில்லை. ஒரே மருந்தை மட்டும் கொடுத்ததால், பல நோயாளிகளின் உடலில் இருந்த கிருமிகள் அதற்குப் பழகி, கட்டுப்பட மறுத்தன. 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிப்போயிருந்தது. 'மருந்து வேலை செய்கிறது' என்பது உண்மை. 'இந்த ஒரு மருந்து போதும்' என்பது உண்மையல்ல. பிறகுதான் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது.

சென்னைக்கு வந்த கேள்வி

1950-களில் இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற படுக்கைகள் கிடையாது. எல்லோரையும் சானடோரியத்தில் சேர்ப்பது என்பது நடக்காத காரியம். ஆனால், இப்போது மாத்திரைகள் வந்துவிட்டன. அவற்றைக் கொடுத்து, நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் என்ன?

இதில் இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், ஓய்வில்லாமல் நோய் குணமாகுமா? இரண்டு, கூடவே இருக்கும் மனைவி, குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை அமைத்தன. பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அந்தக் குழுவை வழிநடத்தினார்.

நகரத்தின் மிக ஏழ்மையான மக்களிடமிருந்து, சளியில் கிருமி இருந்த 193 நோயாளிகள் தேர்வு செய்யப்பட்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் அதே மருந்துகள்தான்: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஓர் ஆண்டு முழுக்க. மாறியது இடமும், அதோடு வரும் சாப்பாடு, ஓய்வு, கவனிப்பும் மட்டுமே.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு எல்லாம் கிடைத்தன. அவர்களுடைய எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களுக்கு இவை எதுவும் உறுதியில்லை.

1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு சிகிச்சையின் முடிவில், கிருமி அடங்கிய நிலைக்கு வந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவிகிதம். வீட்டில் 86 சதவிகிதம்.

'அப்படியானால் சானடோரியம்தானே ஜெயித்தது?' என்று தோன்றலாம். அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு தரப்பிலும் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் 6 சதவிகித வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடலாம். நாணயத்தை 10 முறை சுண்டினால் 6 முறை தலை விழுவதுபோல. அதனால், ஆய்வுக் குழு 'இரண்டும் ஒப்பிடத்தக்க அளவில் இருக்கின்றன' என்றுதான் சொன்னது. 'இரண்டும் ஒன்று' என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்குச் சளியில் கிருமி மறைய கொஞ்சம் கூடுதல் காலம் ஆனது என்பதையும் மறைக்காமல் எழுதியது.

இரண்டாவது பயம்? வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு, சானடோரியம் போனவரின் குடும்பத்தைவிட அதிக ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை. நோய் தொற்றும் பெரிய ஆபத்து, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய நாள்களில்தான் இருக்கிறது. மருந்து தொடங்கியதும் அது வேகமாகக் குறைந்துவிடுகிறது.

ஸ்ட்ரெப்டோமைசின் பாடத்தை மறக்காமல், 5 ஆண்டுகள் இவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அப்போதும் வீட்டுச் சிகிச்சை பின்தங்கிவிடவில்லை.

1962-ல் தொடங்கிய இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்பதை அடிப்படையாகக் கொண்டது. உலகின் பல நாடுகளும் அதே பாதைக்கு வந்தன. அதன்பிறகு எத்தனையோ அப்பாக்களும் அம்மாக்களும் குழந்தைகளைப் பிரிந்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

பதிலைவிடப் பெரிதாக ஊதாதீர்கள்

ஒரு சோதனை, அது கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நாம்தான் அந்த பதிலை இழுத்து, கேட்காத கேள்விகளுக்கும் போர்த்திவிடுவோம். சென்னை ஆய்விலிருந்து அப்படி இரண்டு தவறான முடிவுகளுக்கு எளிதாகப் போய்விடலாம்.

முதலாவது, 'மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதும்.' இல்லை. சென்னையில் வீட்டில் இருந்தவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. ஊழியர்கள் திடீரென்று வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். அப்படிப் பார்த்தபோதுதான், நல்ல நோயாளிகள்கூட மாத்திரையைத் தவறவிடுகிறார்கள் என்பதே தெரிந்தது. பிற்காலத்தில் ஊழியர் கண்முன்னே மாத்திரையை விழுங்கவைக்கும் முறைக்கு விதை போட்டதும் சென்னையில் நடந்த இந்த ஆய்வுகள்தான். அதனால், இந்த ஆய்வின் சரியான முடிவு: 'கவனிப்போடு கூடிய வீட்டுச் சிகிச்சை நல்லது.' கவனிப்பை எடுத்துவிட்டால், சோதனை செய்யப்படாத வேறொரு விஷயமாகிவிடும்.

இரண்டாவது, 'நல்ல சாப்பாடு இல்லாமலே குணமாகிறார்களே, அப்படியானால் காசநோய்க்கும் உணவுக்கும் சம்பந்தமில்லை.' இதுவும் இல்லை. ஏற்கெனவே நோய் வந்து, சரியான மருந்தும் சாப்பிடுபவரின் கிருமி அடங்க, சானடோரியத்து உணவு கட்டாயமா என்பதற்குத்தான் அந்த ஆய்வில் பதில் இருந்தது. நோய் வராமல் தடுக்க உணவு உதவுமா என்று அது கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் 60 ஆண்டுகள் ஆனது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவா தலைமையிலான குழுவில் சேத்துப்பட்டு நிறுவனமும் இருந்தது. காசநோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. ஆனால், குலுக்கலில் தேர்வான பகுதிகளில் மட்டும், நோயாளியின் குடும்பத்தினருக்கும் மாதம் தலா 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரைகள் தரப்பட்டன. கண்காணிக்கப்பட்ட குடும்ப உறுப்பினர்கள் மொத்தம் 10,345 பேர்.

2023-ல் முடிவு வந்தது. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில், புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவிகிதம் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை!

இதையும் ஊதிவிடக் கூடாது. ஊட்டச்சத்துக் குறைவு அதிகம் உள்ள ஜார்க்கண்ட் குடும்பங்களில் கிடைத்த பலன் இது. நன்றாகச் சாப்பிடும் ஒருவர், இன்னும் ஒரு தட்டு கூடுதலாகச் சாப்பிட்டால் காசநோய் வராது என்று இதற்கு அர்த்தமில்லை.

செங்கல்பட்டு தந்த கசப்பான பதில்

நாம் விரும்பும் பதிலை ஏற்பது சுலபம். விரும்பாத பதில் வரும்போதுதான் நேர்மைக்குச் சோதனை.

பி.சி.ஜி தடுப்பூசி, பிரிட்டனில் பதின்வயதினரிடம் நடந்த பெரிய ஆய்வில் நன்றாகவே வேலை செய்திருந்தது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று விட்டுவிடாமல், இந்தியாவிலும் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்கள். பானை ஒன்றாக இருந்தால்தானே அந்தப் பழமொழி பலிக்கும்? இங்கிலாந்தும் செங்கல்பட்டும் ஒரே பானை இல்லையே!

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968 முதல் 1971 வரை சுமார் 2.8 லட்சம் பேருக்கு, குலுக்கல் முறையில் பி.சி.ஜி அல்லது மருந்தில்லாத வெற்று ஊசி போடப்பட்டது. தடுப்பூசி தொடர்பாக உலகில் நடந்த மிகப்பெரிய சோதனைகளில் அதுவும் ஒன்று. 15 ஆண்டுகள் கண்காணித்து, 1999-ல் வெளியான முழு அறிக்கை சொன்னது இதுதான்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி தடுக்கவில்லை.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகு இப்படி ஒரு முடிவு. இருந்தும் அதை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். அதனால்தான், புதிய தடுப்பூசிகளைத் தேடும் அவசியம் உலகத்துக்குப் புரிந்தது.

ஆனால், 'பி.சி.ஜி வேஸ்ட், குழந்தைக்குப் போட வேண்டாம்' என்று இதைப் படித்துவிட்டு யாராவது சொன்னால் அது பெரிய தவறு. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற உயிரைப் பறிக்கும் வகைகளிலிருந்து பி.சி.ஜி பாதுகாக்கிறது என்பதற்கு வேறு பல ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இருக்கிறது. அதனால்தான் இன்றும் இந்தியாவில் குழந்தை பிறந்தவுடன் அந்த ஊசி போடப்படுகிறது. பெரியவர்களைப் பற்றிய பதிலைத் தூக்கி, குழந்தை மீது வைக்கக் கூடாது.

உங்கள் போனுக்கு வரும் 'ஆதாரம்' எப்படிப்பட்டது?

அடுத்த முறை 'இந்தக் கஷாயம் அதைக் குணமாக்கும்', 'இந்த ஊசி ஆபத்து' என்று மெசேஜ் வந்தால், ஃபார்வர்டு பட்டனைத் தொடும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

* இதைச் செய்யாதவர்களுக்கு என்ன ஆனது? அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் காக்கை, பனம்பழக் கதைதான்.

* யாருக்கு எது என்று பிரித்தது யார்? ஆளைப் பார்த்துப் பிரித்தார்களா, குலுக்கலா?

* சோதனை எங்கே நடந்தது? குழாயிலா, எலியிடமா, மனிதர்களிடமா? எந்த ஊர், எந்த வயது மனிதர்கள்?

* எத்தனை பேர், எவ்வளவு காலம்? 10 பேரிடம் 10 நாளில் கிடைத்த பலன் 5 ஆண்டுகள் நிற்குமா?

* ஆய்வு கேட்ட கேள்வி எது? மெசேஜ் சொல்லும் பதில் அந்தக் கேள்விக்கானதுதானா?

கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான மெசேஜ்கள் விழுந்துவிடும்.

இன்று நமக்கு...

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது போன்ற அறிகுறிகள் இருந்தால், கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லலாம். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் செலுத்தப்பட்டுவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால், மற்றவர்களும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். தொற்றும் ஆபத்து அதிகம் இருப்பது நோய் கண்டுபிடிக்கப்படாத நாள்களில்தான் என்பது சென்னைக் குடும்பங்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

தாம்பரம் சானடோரியத்தில் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. ஆனால், காசநோய் என்று தெரிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போய்த் தங்கும் நிலைமை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு, அதே மின்சார ரயிலில் ஏறி, சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். 1950-களில், குலுக்கலில் எந்தப் பக்கம் விழப்போகிறோம் என்று தெரியாமலே அந்தச் சோதனைக்கு வந்த 193 ஏழை மனிதர்கள் வாங்கித்தந்தது அது.